கல்லுக்கு ஒரு பெயர்

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
14 அக்டோபர் 2012

தேவேந்திரனுக்கு,

நம் அம்மாயியின் பெயர் என்ன? நீ அனுப்பிய படிவத்தில் முதல் கேள்வி அதுதான். நேற்று மாலையிலிருந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருஷமாகக் கல்லூரியில் வரலாறு நடத்தி, மாணவர்களிடம் "ஆதாரம் எங்கே" என்று கேட்கிறவள் இதை எழுதுகிறேன்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே கடிதம் இல்லை, படிவம் மட்டும் இருந்தது. சுனாமியில் போன கச்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு நினைவுக்கல் வைக்கிறீர்கள், சொக்கலிங்கம் அண்ணன் கமிட்டித் தலைவர், டிசம்பர் இருபத்தாறில் கல் நிறுத்துகிறீர்கள் என்பதையெல்லாம் படிவத்தின் தலைப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். போர்ட் பிளேர் ஜெட்டியில் வைத்து நீ கடைசியாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "கையெழுத்துப் போட்டு நீதான் அவளைக் கொன்ன." சுனாமியில் காணாமல் போன அம்மாயியை இறந்தவளாகக் கொள்ளச் சம்மதம் என்ற அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்தான். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கவில்லை.

படிவத்தில் "ரெங்கம்மா" என்று நீயே பென்சிலால் எழுதியிருக்கிறாய். அந்தப் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டாம். ஏன் என்பதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அம்மாவைப் பெற்ற ரெங்கம்மா, 1974 மாசி மாதம், இலங்கையில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நம் லயத்து வீட்டிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள். நான் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது, உனக்கு ஆறு. அம்மா உன் பிரசவத்திலேயே போய்விட்டாள். இந்தியாவுக்குத் திரும்ப அப்பா போட்டிருந்த விண்ணப்பத்தில் நான்கு பெயர்கள்: நாகலிங்கம், மாமியார் ரெங்கம்மா, இரண்டு பிள்ளைகள். பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கும் நாள் வந்தபோது மாமியார் இல்லை. பிள்ளைகளைப் பார்க்கப் பெண் துணை இல்லாமல் கப்பல் ஏற அப்பாவுக்குப் பயம். அதே லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் ஒச்சம்மா இருந்தாள். அவளுடைய புருஷன் அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டு வேறொருத்தியோடு போய்விட்டான். அவளுக்கு இந்த நாட்டுக் காகிதமும் இல்லை, அந்த நாட்டுக் காகிதமும் இல்லை. நாற்பத்து மூன்று வயது. தலையில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்துக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தாள். ரெங்கம்மாவாக எழுந்தாள்.

மண்டபம் முகாமில் அதிகாரி என்னைத்தான் கேட்டார், "இது யாரு பாப்பா?" என்று. "எங்க அம்மாயி" என்றேன். உன்னை யாரும் கேட்கவில்லை. நீ அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். அங்கிருந்துதான் நம்மைக் கச்சால் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

இதில் கண்ணால் கண்டது எது, அப்பா சொல்லிக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லக் கேட்டால் சொல்வேன். பதில் போடு.

சுகுணா


கச்சால்
29 அக்டோபர் 2012

அக்காவுக்கு,

உன் கடிதம் மூன்று கப்பல் தள்ளி வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

முப்பத்தெட்டு வருஷம் நீயும் அப்பாவும் எனக்குத் தெரியாமல் வைத்திருந்தீர்கள். அப்பா சாகும்போது கூடச் சொல்லவில்லை. நீ மெட்ராஸ் போய்ப் பெரிய படிப்பெல்லாம் படித்தாய், அங்கேயிருந்து ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் இங்கே அவளோடு ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவன். அவளுக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தவன். எனக்கு மட்டும் அவள் ரெங்கம்மா, உனக்கு ஒச்சம்மாவா?

ஒன்று மட்டும் இப்போது புரிகிறது. அவளுடைய ஆபீஸ் நடை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தோட்ட ஆபீஸ் வாசலில் கால் வைத்ததும் முதுகு வளைந்துவிடும். "அய்யா, தொரை, கண்ணு தெரியலீங்களே" என்பாள். வெளியே வந்து வேப்பமரம் தாண்டியதும் நிமிர்ந்துகொண்டு என்னை ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிடுவாள். நான் விளையாட்டு என்று நினைத்தேன். பதினோரு வயதில் அந்த நடையை நானும் நடந்து காட்டி அவளிடம் முதுகில் ஒன்று வாங்கினேன். எதற்கு அடித்தாள் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

காகிதத்தில் அறுபது ஆனதும் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்களே, அப்போது அவளுக்கு நிஜத்தில் நாற்பத்தெட்டா? மேஸ்திரி கிண்டல் பண்ணுவான், "கெழவி மரத்துக்கு மரம் தாவுது பாரு, ரிட்டையர் ஆகறதுக்கு மின்னாடி ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பலாம்" என்று. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஆனால் பெயரை மாற்ற மாட்டேன். என் மகள் ஷோபனாவுக்குத் தீவுவாசிகள் ஒதுக்கீட்டில் நர்ஸிங் சீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். நாம் எப்போது இந்தத் தீவுக்கு வந்தோம் என்பதற்கு அந்த எழுபத்து நாலாம் வருஷக் குடும்ப அட்டைதான் ஆதாரம். நாலு பேரில் ஒரு பேர் பொய் என்றால் நாலும் பொய் என்று சொல்லிவிடுவார்கள். உனக்குப் பிள்ளைகள் இல்லை, உனக்குப் புரியாது.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். தண்ணீர் வந்த பிறகு ஒன்பது நாள் நான் காட்டுக்குள்ளேயும் முகாம்களிலும் "ரெங்கம்மா, ரெங்கம்மா" என்று கத்திக்கொண்டே திரிந்தேன். தலையில் அடிபட்டு எங்கேயாவது நினைவில்லாமல் கிடந்திருந்தால், யாராவது பேர் கேட்டிருந்தால், அவள் எந்தப் பேரைச் சொல்லியிருப்பாள்? இதை ஏன் எனக்குள் போட்டாய்?

தேவேந்திரன்


டாலிகஞ்ச்
18 நவம்பர் 2012

தேவேந்திரனுக்கு,

பிள்ளைகள் இல்லாதவளுக்குப் புரியாது என்ற வரியைத் தாண்டித்தான் மற்றதைப் படித்தேன்.

உன் கடைசிக் கேள்வியைப் பற்றி. அதை நான் உனக்குள் போடவில்லை. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது. இந்த ஊருக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்களைப் பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டியிருந்தார்கள். நான் ஒவ்வொரு முகாமாகப் போய் விரல் வைத்துப் படித்தேன். "ரெங்கம்மா, 85, கச்சால்" என்றே தேடினேன். இன்னொரு பெயர் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம். அப்படியிருந்தும் அந்தப் பெயரை நான் தேடவில்லை. மறைத்து மறைத்து எனக்கே மறந்துபோயிருக்கிறது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் லீவு போட்டேன். அப்போது முகாம்களில் வேலை செய்த ஒரு தொண்டு அமைப்பு, பட்டியல்களின் நகல்களைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். இந்தியில், ஆங்கிலத்தில், வங்காளத்தில் எழுதியவை. வங்காள எழுத்துக்கு எதிர்வீட்டம்மாவைக் கூட்டிப் போனேன். அவர் ஒவ்வொரு தாளுக்கும் "நஹி ஹை, தீதி", இல்லை அக்கா, என்று தலையசைத்துக்கொண்டே வந்தார்.

ஒச்சம்மா என்று இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருத்திக்கு முப்பத்து நான்கு வயது, கேம்பல் பே. இன்னொருத்தி கைக்குழந்தை. எழுபது வயதுக்கு மேல், பெயர் சொல்ல முடியாத நிலையில் வந்த பெண்கள் மூவர். மூவரையும் பின்னால் உறவினர்கள் அடையாளம் கண்டு அழைத்துப் போயிருக்கிறார்கள், கையெழுத்து இருக்கிறது. ஒரு தாளில் பாதி மழையில் கரைந்துவிட்டது. அதில் ஒன்பது பெயர்கள் இருந்திருக்கலாம். அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, தெரியும் என்று சொல்லமாட்டேன். மற்றபடி அவள் எந்தப் பட்டியலிலும் இல்லை. நாம் தப்பான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால் எங்கோ அவளைத் தவறவிட்டோம் என்பதற்கு ஆதாரம் இல்லை. இது ஆறுதல் வார்த்தை அல்ல, படித்துப் பார்த்துச் சொல்வது.

பட்டியல் படிக்கும்போது அவள் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. காலேஜில் சேர நான் கப்பலேறிய அன்று தேங்காய் ரொட்டியும் இடிசம்பல் துவையலும் இலையில் கட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "படிச்சு என்னத்தடி கிழிக்கப் போற? கிழிக்கிறதுன்னு ஆச்சு, நல்லா பெருசாக் கிழி." ரொட்டி ஓரம் எப்போதும் போலக் கருகியிருந்தது. அவளுக்குச் சமைக்கவே வராது. அது உனக்கும் தெரியும், நமக்குப் பழகிவிட்டதால் யாரும் சொல்லவில்லை.

நமக்காகச் செய்ததையெல்லாம் அவள் இன்னொருத்தியின் பெயரில் செய்தாள். செத்தும் அந்தப் பெயரிலேயே கிடக்க வேண்டும் என்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஷோபனாவின் சீட்டு விஷயம் எனக்குப் புரிகிறது. பொய் சொன்னது அப்பாவும் நானும், உனக்கு அப்போது ஆறு வயது என்று கையெழுத்திட்டுத் தருகிறேன். யாராவது கேட்டால் என்னைக் கேட்கட்டும்.

சுகுணா


கச்சால்
2 டிசம்பர் 2012

அக்கா,

பட்டியல் பார்த்ததற்கு நன்றி. வீட்டுக்காரி இந்திராணியிடம் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். நான் ரப்பர் ஷீட் காயப்போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

கல் வந்துவிட்டது. வடக்கே ரங்கத் என்கிற ஊரிலிருந்து பிரவீன்குமார் என்று ஒரு கல் மேஸ்திரி வந்திருக்கிறான். சின்னப் பையன்தான், நல்ல கை. முப்பத்தொன்பது பெயரையும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிட்டான், இனி வெட்ட வேண்டியதுதான். சொக்கலிங்கம் அண்ணனிடம் பட்டும் படாமல் பேச்சை எடுத்தேன். "ஏண்டா, அட்டையில உள்ள பேர மாத்தச் சொல்றவன் நாளைக்கு அட்டையவே மாத்தச் சொல்லுவான். வாய மூடிக்கிட்டு இரு" என்றார்.  நான் இந்த ஊரில் இவர்களோடு வாழ வேண்டும்.

உனக்கு அவ்வளவு உறுதி இருந்தால் நீயே வா. இருபத்தாறுக்கு முன்னால் வந்து எல்லோர் முன்னாலும் உன் வாயால் சொல். கடிதத்தில் எழுதுவது சுலபம். எட்டு வருஷமாக நீ இந்த மண்ணில் கால் வைக்கவில்லை.

தேவேந்திரன்


டாலிகஞ்ச்
14 டிசம்பர் 2012

தேவேந்திரனுக்கு,

வருகிறேன். இரண்டு நாள் வரிசையில் நின்று இருபத்திரண்டாம் தேதிக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். டெக்கில்தான் இடம் கிடைத்தது. மேஸ்திரியிடம் சொல்லி அவள் பெயரை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல். அதைச் சொக்கலிங்கம் அண்ணன்கூட மறுக்க முடியாது.

எட்டு வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். பயம். வேறு நல்ல காரணம் கண்டுபிடித்தால் எழுதுகிறேன்.

சுகுணா


டாலிகஞ்ச், உன் வீடு
24 டிசம்பர் 2012

அக்கா,

நீ ஜெட்டியில் இறங்கும்போதே இந்திராணி சொல்லியிருப்பாள். இருபதாம் தேதி புதர் வெட்டும்போது கத்தி வழுக்கிக் காலில் இறங்கிவிட்டது. நரம்பு போயிருக்கும் என்று டாக்டர் ஹெலிகாப்டரில் இங்கே அனுப்பினார். மூன்று நாள் காத்திருந்து நேற்றுதான் இடம் கிடைத்தது. நீ கப்பலில் தெற்கே போகிறாய், நான் உன் தலைக்கு மேலே வடக்கே வருகிறேன். அம்மாயி இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

எதிர்வீட்டம்மா சாவி கொடுத்தார். ஷோபனா கூட இருக்கிறாள். தையல் போட்டாச்சு, பயப்பட ஒன்றுமில்லை.

உன் கடிதங்களைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஷோபனா கேட்டாள், வாசித்துக் காட்டினேன்.  அப்புறம், "அப்பா, என் சீட்டுக்காகவா அவங்க பேர மறைக்கிறீங்க? அப்படி வர்ற சீட்டு எனக்கு வேண்டாம்" என்றாள். "உனக்குப் புரியாது" என்று கத்தினேன். உனக்கு எழுதிய அதே வார்த்தை. கத்திய பிறகுதான் எனக்கே கேட்டது.

வெட்டச் சொல். என் சம்மதம் என்று கமிட்டியில் இந்தக் கடிதத்தைக் காட்டு. இன்றைக்கே ஹெலிகாப்டரில் திரும்புகிற நர்ஸ் அன்னம்மாளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் வீட்டில் மிளகாய்த்தூள் எங்கே இருக்கிறது? எதுவும் இல்லாமல் எப்படிச் சாப்பிடுகிறாய்?

தேவேந்திரன்


கச்சால்
25 டிசம்பர் 2012, மாலை

தேவேந்திரனுக்கு,

மிளகாய்த்தூள் ஃபிரிட்ஜில். எறும்பு வரும் என்று அங்கே வைப்பேன். காலை மடக்காதே.

உன் கடிதம் காலையில் கிடைத்தது. மதியம் கமிட்டி கூடியது, நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரல் வரவில்லை. ஆனாலும் சொல்லவேண்டியதை விடாமல் சொன்னேன். உன் சம்மதத்தையும் படித்தேன்.

சொக்கலிங்கம் அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார், "சுகுணா, நீ படிச்ச புள்ள. ஒனக்கு நான் சொல்லணுமா? ரெக்கார்டுல என்ன இருக்கோ அதான் பேரு."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த தங்கம்மா அக்கா, "ரெக்கார்டுல எனக்கு எழுபது வயசு சொக்கா. போன மாசந்தான் அறுவது முடிஞ்சிச்சு. அப்ப பத்து வருசம் எங்க போச்சு, நீ எடுத்து வச்சிருக்கியா?" என்றாள். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"கல்லு நாளைக்கு நிக்கணும். இதப் போயி இப்பக் கெளப்பினா ஒவ்வொருத்தனும் கெளப்புவான்" என்றார். நான் உட்காரவில்லை. கடைசியில், "நாளைக்கு நான் ரெங்கம்மான்னுதான் கூப்பிடுவேன். பதில் சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டார்.

ஒவ்வொரு வருஷமும் நீங்கள் செய்வதை இந்திராணி எனக்கு விளக்கினாள். தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு மாதிரியே, கடற்கரையில் நின்று போனவர்களின் பெயரைக் கூப்பிடுவார்கள், வீட்டு ஆள் ஒருவர் "வந்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும் என்று. இத்தனை வருஷமும் நீதான் ரெங்கம்மாவுக்குச் சொன்னாயாம். நாளை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயரை அவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் சரி.


26 டிசம்பர், மாலை

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழரை மணிக்குக் கரையில் கூடினோம். கல்லைச் சாக்குப் படுதா மேல் கிடத்தியிருந்தார்கள், நிறுத்துவதற்குக் குழி தோண்டித் தயாராக இருந்தது. சொக்கலிங்கம் அண்ணன் தாளை வைத்துக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தார். இருபத்திரண்டாவது பெயர் ரெங்கம்மா. நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ரெங்கம்மா மஸ்கெலியாவில் இறந்துட்டாங்க அண்ணே. இங்க போனது ஒச்சம்மா. அவங்களைக் கூப்பிடுங்க" என்றேன். அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

இருபத்தேழாவது பெயர், அழகப்பன். அவருடைய அப்பா. அவரே கூப்பிட்டு அவரே பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "அழகப்பன் எங்க பெரியப்பா. அட்டை அவரு பேர்ல வந்துச்சு, அவரு வரமாட்டேன்னுட்டாரு. அப்பா ஏறிட்டாரு. எங்கப்பா பேரு ராக்கப்பன்" என்றார். அவர் சம்சாரம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய அவருக்கே அது தெரியாதாம்.

 பிறகு சொக்கலிங்கம் அண்ணன் தாளில் மேலே போய், "ஒச்சம்மா" என்று கூப்பிட்டார். சத்தமாக.

நான் "வந்தாச்சு" என்றேன்.

அதற்குப் பிறகு கூப்பிடுவது நின்றுபோனது. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலர் வெளிப்படையாகச் சொன்னார்கள், சிலர் அவர் காதில் சொன்னார்கள். ஒரு தம்பி அண்ணன் பெயரில் வந்திருந்தான், ஒரு பக்கத்து வீட்டுப் பெண் மகளாக வந்திருந்தாள். மொத்தம் ஏழு பெயர்கள். ரங்கத்து மேஸ்திரி பிரவீன்குமார் தலையில் கை வைத்துக்கொண்டு, "அரே அங்கிள், இந்த ஏழுல ஆறு பேரு வெட்டியே முடிச்சிட்டேனே! பத்து நாள் வேலை" என்றான். "பத்து நாள்னா பத்து நாள். அழிடா" என்றார் சொக்கலிங்கம் அண்ணன்.

கல் இன்று நிறுத்தப்படவில்லை. கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். "ரெங்கம்மா" இன்னும் வெட்டப்படாமல் பெயிண்டாகவே இருந்ததால், அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு முதலில் அவளுடையதை வெட்டச் சொன்னேன். பதினொரு மணிக்கு ஆரம்பித்தான். நாலரைக்கு முடிந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கப்பல் நாளைக் காலை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சுகுணா